‘எல்ஸ்ட்ரீ காலிங்’: ஒட்டு தெரிகிற படம்

ஒருவர் தன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். எல்ஸ்ட்ரீயிலிருந்து பெரிய நட்சத்திர நிகழ்ச்சி ஒளிபரப்பாகிறது, இவர் பெட்டியில் மட்டும் படம் வரவில்லை. திருகிப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், எதையோ கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுகிறார். பக்கத்தில் மனைவி பொறுமையிழந்து உட்கார்ந்திருக்கிறார். இந்தக் காட்சி படம் நெடுக, பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில், வந்து வந்து போகிறது. கடைசியில் ஒருவழியாகப் பெட்டி உயிர் பெறும்போது நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது.

இது 1930-ல் வந்த படம். தொலைக்காட்சி என்று ஒன்று இருப்பதைச் செய்தித்தாளில் படித்தவர்கள்தான் அன்று அதிகம், கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலர். அப்படிப்பட்ட காலத்தில் ‘பெட்டி வேலை செய்யவில்லை’ என்பதையே நகைச்சுவையாக வைத்திருக்கிறார்கள்.

‘எல்ஸ்ட்ரீ காலிங்’ 86 நிமிடப் படம். தயாரிப்பு பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், சுருக்கமாக பி.ஐ.பி. லண்டனுக்கு வடக்கே போர்ஹாம்வுட்டில் இருந்தாலும் ‘எல்ஸ்ட்ரீ’ என்றே பெயர் பெற்றுவிட்ட ஸ்டுடியோவில் எடுத்தார்கள். இயக்கம் ஏட்ரியன் புரூனல். டைட்டிலில் இன்னொரு வரி வரும்: ‘துணுக்குக் காட்சிகளும் இடையில் செருகிய பிற பகுதிகளும் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக்.’ இன்று இந்தப் படத்தைத் தேடிப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு வரிக்காகத்தான் போகிறார்கள். பிற்காலத்தில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ பேட்டி எடுத்தபோது, இந்தப் படத்தில் எந்தச் சுவாரசியமும் இல்லை என்று ஹிட்ச்காக் ஒரே வரியில் தள்ளிவிட்டார். அவர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே பலர் இதை ஒட்டுத்துணி என்று ஒதுக்குகிறார்கள். ஒட்டுத்துணிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பார்க்க வேண்டியதே தையலைத்தான்.

முதலில் இந்த வகைப் படம் ஏன் வந்தது என்று பார்ப்போம். பேசும்படம் வந்ததும் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்கள் ஒப்பந்த நட்சத்திரங்களை வரிசையாக நிறுத்தி, ‘இதோ, இவருக்கும் பேச வரும், இவருக்கும் பாட வரும்’ என்று காட்ட ஆரம்பித்தன. எம்.ஜி.எம்.மின் ‘தி ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929’, வார்னரின் ‘தி ஷோ ஆஃப் ஷோஸ்’, 1930-ல் ‘பாரமவுன்ட் ஆன் பரேட்’, யுனிவர்சலின் ‘கிங் ஆஃப் ஜாஸ்’ எல்லாம் இந்த ‘ரெவ்யூ’ ரகம். கதை கிடையாது. பாட்டு, ஆட்டம், துணுக்கு நாடகம், வித்தை, மறுபடி பாட்டு. நம் கதம்ப மாலை மாதிரி. கதை இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது தொகுப்பாளரை மட்டும் மாற்றினால் போதும். ‘கிங் ஆஃப் ஜாஸ்’ படத்தின் ஹங்கேரியப் பதிப்புக்கு பேலா லுகோசி தொகுப்பாளர். டிராகுலாவாக அவர் திரைக்கு வருவதற்குச் சற்று முன்னால்!

பி.ஐ.பி. இதற்குப் பதில் சொல்லத்தான் இறங்கியது. ஆனால் ஹாலிவுட் வைத்திருந்தது போன்ற நட்சத்திரப் பட்டாளம் அதனிடம் இல்லை. லண்டன் மேடையில் இருந்தவர்களைத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. ஆண்ட்ரே ஷார்லோ, பால் மரே, ஜாக் ஹல்பர்ட் போன்ற மேடை ரெவ்யூ ஆட்கள் கூட்டு ஆட்டங்களை அமைத்தார்கள். ஹல்பர்ட்டும் அவர் மனைவி சிசிலி கோர்ட்னிட்ஜும் நடித்தார்கள். பாடல்களில் ஐவர் நொவெல்லோவும் விவியன் எல்லிஸும் பங்கு வகித்தார்கள். ஆக, ஹாலிவுட் ரெவ்யூ ஒரு ஸ்டுடியோவின் விளம்பரம். ‘எல்ஸ்ட்ரீ காலிங்’ தன்னையறியாமல் ஒரு மேடையின் ஆவணமாகிவிட்டது.

இன்னொரு காரணம் சட்டம். 1927-ன் திரைப்படச் சட்டப்படி பிரிட்டனில் விநியோகஸ்தர்கள் தாங்கள் வெளியிட வாங்கும் படங்களில் 7.5 சதவீதமும், தியேட்டர்காரர்கள் 5 சதவீதமும் பிரிட்டிஷ் படங்களாக வைத்திருக்க வேண்டும். இந்தப் பங்கு படிப்படியாக ஏறி 1936-ல் 20 சதவீதமானது. 3,000 அடிக்குக் குறையாதது நீளப்படம் என்று கணக்கு. பேசும்படம் ஓடும் வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி போகும். அப்படியானால் 33 நிமிடம் சொச்சம் ஓடினாலே நீளப்படம். நான்கு நிமிட ஐட்டம் ஒன்பதைக் கோத்தால் ஒதுக்கீட்டுக்கு ஒரு படம் தயார். ‘எல்ஸ்ட்ரீ காலிங்’ அந்த மலிவு வேலை இல்லை. 86 நிமிடம் என்றால் சுமார் 7,700 அடி, எட்டு ரீல். ஆனால் 1930-களில் இதே அச்சில் வரிசையாக வந்த சின்னப் படங்கள் பலவற்றுக்கு இந்த அடிக்கணக்குதான் தாய்.

அந்த மேடை எப்படி இயங்கியது என்று தெரிந்தால்தான் படத்தில் எது உடைகிறது என்று பிடிபடும். பிரிட்டனின் வெரைட்டி, அதாவது பல்சுவை அரங்குகளில் பெரும்பாலும் ஒரு மாலைக்கு இரண்டு காட்சி. ஒரு ஐட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். திங்கள் காலை பாண்டு ஒத்திகை. கலைஞர்கள் வந்த வரிசையில் தங்கள் இசைத்தாள்களை மேடை விளிம்பில் வைப்பார்கள். முதலில் வைத்தவருக்கு முதல் ஒத்திகை, எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் சரி. நிரலில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை உண்டு. முதலில் ஆட்டக்காரிகள், ஏனென்றால் சனங்கள் இன்னும் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள், பேச்சு காதில் விழாது. கடைசியில் கழைக்கூத்து, பந்து வித்தை போன்றவை, ஏனென்றால் பாதிப் பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்திருப்பார்கள். பெரிய தலை அதற்கு முந்திய இடத்தில். நடுவில் முன்படுதாவை இறக்கிவிட்டு அதன் முன் ஒரு சிரிப்புக்காரர் தனியாக நின்று பேசுவார். படுதாவுக்குப் பின்னால் அடுத்த ஐட்டத்துக்கு மேசை நாற்காலி நகர்த்துவார்கள். அவருடைய வேலை சிரிக்க வைப்பது மட்டுமில்லை, அந்தச் சத்தத்தை மறைப்பதும்.

சினிமாவில் இது எதுவும் தேவையில்லை. மேசை நாற்காலியை ராத்திரி முழுக்க நகர்த்தலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் முன்படுதாவை எடுத்துவிட்டால் வேறொரு சிக்கல் முளைக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு சிரிப்புக்காரரிடம் பன்னிரண்டு நிமிடச் சரக்கு இருந்தால் அதை வைத்து ஊர் ஊராகப் பல வருடம் பிழைக்கலாம். திங்களன்று லீட்ஸ், அடுத்த திங்கள் கிளாஸ்கோ, போன இடமெல்லாம் புது முகங்கள். படத்தில் அதே சரக்கைக் கொடுத்துவிட்டால் ஒரே மாதத்தில் நாடே பார்த்துவிடும். அதனால் அன்றைய கலைஞர்கள் சினிமாவுக்குத் தங்கள் முழு ஐட்டத்தையும் கொடுக்கத் தயங்கினார்கள். திரையில் நாம் பார்ப்பது பல நேரம் மூன்று நான்கு நிமிடச் சுருக்கம்தான். ‘இவருக்கா இவ்வளவு பேர்?’ என்று கேட்கத் தோன்றும் இடங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதைவிடப் பெரிய இழப்பு சிரிப்புச் சத்தம். ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் இல்லை. இருக்கிற தொழிலாளர்கள் சிரிக்கக்கூடாது, மைக்கில் விழுந்துவிடும். மேடைக் கலைஞர் ஒரு வரியைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தின் சிரிப்பு ஏறி, உச்சம் தொட்டு, இறங்க ஆரம்பிக்கும் இடத்தில் அடுத்த வரியை எடுப்பார். முழுசாக அடங்கும்வரை காத்திருந்தால் சூடு போய்விடும். இந்தக் கணக்கு உடம்பில் ஊறியது, கடிகாரம் பார்த்துச் செய்வதில்லை. கூட்டத்தை எடுத்துவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பழக்க தோஷத்தில் இடைவெளி விடுவார், தியேட்டரில் யாரும் சிரிக்காவிட்டால் அது பள்ளமாகத் தெரியும். இல்லையென்றால் இடைவெளியே விடாமல் ஓட்டுவார், தியேட்டரில் சிரித்தால் அடுத்த வரி காதில் விழாது. இரண்டும் இந்தப் படத்தில் இருக்கின்றன.

இதில் தப்பிப்பவர் லில்லி மோரிஸ். வெரைட்டிக்கு முந்திய மியூசிக் ஹால் காலத்து ஆள். எல்லார் கல்யாணத்திலும் தோழிப் பெண்ணாகவே நின்று வயதாகிப்போன ஒருத்தியின் புலம்பல்தான் அவருடைய பாட்டுகளில் ஒன்று. ஏன் தப்பிக்கிறார் என்றால், அவருடைய நகைச்சுவை, வரிகளுக்கு நடுவில் விடும் இடைவெளியில் இல்லை, தாளத்தில் இருக்கிறது. சிரிப்புக்காக நிற்கவே வேண்டாம், பாண்டு நிற்காது. பாட்டுக்குப் பின் கையையும் காலையும் உதறி ஒரு கோணல் ஆட்டம் ஆடுகிறார். அந்த உதறலில் இருக்கும் துல்லியத்தைப் பாருங்கள். தடுமாறுவது போல ஆடத் தாளம் சுத்தமாக இருக்க வேண்டும்.

வில் ஃபைஃப் நிலைமை வேறு. ஸ்காட்லாந்துக்காரர். டண்டீயில் பிறந்தவர், புகழ் பெற்றதோ ‘கிளாஸ்கோ என் ஊர்’ என்று பாடி. இந்தப் படத்தில் விஸ்கி விலை ஏறிவிட்டதே என்று புலம்புகிறார். ஒரு புட்டி பன்னிரண்டரை ஷில்லிங்! இன்று கேட்கிறவருக்கு இந்த நகைச்சுவை வழுக்கிப் போவதற்குக் காரணம் உச்சரிப்பு மட்டுமில்லை, காசுக்கணக்கும்தான். பவுனுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆறு பென்ஸ் நாணயத்துக்குப் பேச்சுவழக்கில் ‘டேனர்’. பன்னிரண்டரை ஷில்லிங் ஒரு பவுனில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல். கூலிக்காரனுக்கு அது வயிற்றெரிச்சல். இது தெரிந்தால் குடிகாரன் நகைச்சுவைக்கு அடியில் வரியேற்றத்தின் மேல் இருக்கும் கோபமும் கேட்கும்.

ஒலிப்பதிவு இந்த ஐட்டங்களை எப்படி வளைத்தது என்பது தனிக்கதை. 1929-30-ல் ஒலியைப் பிறகு சேர்க்கும் வசதி ஏறக்குறைய கிடையாது. இதே ஸ்டுடியோவில் 1929-ல் எடுத்த ‘பிளாக்மெயில்’ படத்தில் நாயகி ஆனி ஓன்ட்ராவுக்கு ஆங்கில உச்சரிப்பு சரியில்லை என்று, கேமராவில் படாமல் ஓரமாக நின்று ஜோன் பேரி மைக்கில் பேச, ஓன்ட்ரா வாயசைத்தார். ‘டப்பிங்’ என்ற பேச்சே இல்லை. இதிலும் பாடகர் பாடும்போதே பாண்டும் வாசிக்க வேண்டும், இரண்டையும் அப்போதே பிடிக்க வேண்டும். நடுவில் தப்பு வந்தால் முதலிலிருந்து.

பாட்டை நடுவில் வெட்ட முடியாது என்பதால் இரண்டு மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட்டுவது அன்றைய வழக்கம். கேமரா இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க, முன்பக்கம் கண்ணாடி வைத்த கூண்டுக்குள் அதை அடைத்தார்கள். கூண்டு நகராது. பக்கவாட்டில் போனால் இன்னொரு கூண்டு கண்ணில் படும். ஆக எல்லாக் கேமராவும் எதிரேதான் நிற்க வேண்டும், ஒன்று தூரத்தில், ஒன்று கிட்டத்தில். படம் முழுக்க நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது போல இருக்கிறதே என்று குறைப்படுகிறவர்கள் இந்தக் கூண்டை மனதில் நிறுத்திக்கொள்ளலாம். விளக்கிலும் பிரச்சினை. பழைய கார்பன் ஆர்க் விளக்குகள் சீறும், அதனால் பேசும்பட செட்டுகளில் இழை விளக்குகளுக்கு மாறினார்கள். சத்தம் இல்லை, ஆனால் அடுப்பு போலச் சூடு.

மேடைக் குரல்களுக்கு வேறு தொல்லை. மேல்மாடிக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகியவர்கள் தலைக்கு மேல் சில அடி உயரத்தில் மைக்கை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். உச்சத்தில் ஒலிப்பதிவு கிழியும். கிழியாமலிருக்கப் பதிவாளர் அளவைக் குறைத்தால், மெதுவாகச் சொல்லும் வரிகள் ஃபிலிமின் இரைச்சலில் மூழ்கும். கூட்டுப் பாடல்களில் ஒரு சொல்லும் புரியாமல் போவது இதனால்தான், ஆங்கிலம் தெரியாததால் இல்லை. தைரியமாக இருங்கள்.

இந்த ஒலிப்பதிவுக்கென்றே பிறந்தவர் போல ஒருவர் வருகிறார்: டெடி பிரௌன். மரக்கட்டைகளைக் கோலால் அடித்து வாசிக்கும் சைலஃபோனில் வித்தகர். 20 ஸ்டோனுக்கு மேல், அதாவது 127 கிலோவைத் தாண்டிய உடம்பு. மரக்கட்டையில் விழும் அடி குறுகியது, கூர்மையானது, அதிகம் எதிரொலிக்காது. அன்றைய மைக்குக்கும் ஃபிலிமுக்கும் ஆழ்ந்த ஒலியும் பிடிக்காது, மிக உச்ச ஒலியும் பிடிக்காது. பெரிய டிரம்மை அடித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போலக் கேட்கும். சைலஃபோனின் வீச்சோ நடுவில் விழுகிறது. பெரிய இசைக்குழுக்கள் கலங்கலாகக் கேட்கும் படத்தில் இவர் அடிக்கும் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக எண்ணும்படி கேட்கிறது. இவருடைய மணிக்கட்டைக் கவனியுங்கள். தோள் அசைவதே இல்லை, அவ்வளவு பெரிய உடம்பில் வேலை செய்வது முழங்கைக்குக் கீழே மட்டும். நடுவில் கட்டைகளை விட்டு எழும்பிச் சுற்றும் அலட்டல்கள் எல்லாம் அடுத்த அடிக்குக் கை சரியான இடத்தில் இறங்கப் போட்ட கணக்கு. எலும்புக்கூடு உடையில் ஆடும் ‘த்ரீ எடீஸ்’ குழுவுக்கும் இதே அதிர்ஷ்டம். கறுப்பு உடையில் வெள்ளை எலும்பு, கருப்பு வெள்ளைப் படத்துக்கு அதைவிடத் தோதான உடை கிடையாது.

இப்போது தையலுக்கு வருவோம். ஓர் ஐட்டம் முடிகிறது, திரைச்சீலை முன் ஒருவர் முழு உருவமாக நிற்கிறார். அடுத்த ஐட்டத்திலும் திரைச்சீலை முன் ஒருவர் முழு உருவமாக நிற்கிறார். இரண்டையும் நேராக ஒட்டினால் என்ன ஆகும்? முதல் ஆள் மாயமாக இரண்டாவது ஆளாக மாறியது போலத் தெரியும். மேடையில் முன்படுதா செய்த வேலையை இங்கே வேறொன்று செய்தாக வேண்டும். உருவ அளவிலோ இடத்திலோ தெளிவாக மாறுபட்ட ஏதாவது ஒன்று.

இந்தப் படத்தில் அந்த வேலைக்கு மூன்று சரடு வைத்திருக்கிறார்கள். முதலாவது டாமி ஹேண்ட்லி, தொகுப்பாளர். வானொலியில் ஏற்கெனவே பழகிய குரல். பின்னாளில் 1939 முதல் தான் இறந்த 1949 வரை ‘இட்மா’ என்ற வானொலி நிகழ்ச்சியால் நாட்டையே சிரிக்க வைத்தவர். கிட்டத்தில் முகம், நேராக நம்மைப் பார்த்துப் பேச்சு. இது சாதாரணத் தையல். இரண்டாவது, தொலைக்காட்சிப் பெட்டியோடு போராடும் கார்டன் ஹார்க்கர். இது இடத்தையே மாற்றிவிடுகிறது. ஜிகினா மேடையிலிருந்து சட்டென்று ஒரு சின்ன வீட்டுக்கூடம். மூன்றாவது டொனால்ட் கால்த்ராப். இவருக்கு ஷேக்ஸ்பியர் நடித்தே ஆகவேண்டும், ஒவ்வொரு முறையும் ஓரங்கட்டுகிறார்கள். இந்தச் சரடு கடைசியில் ஒரு முழு ஐட்டமாக வெடிக்கிறது.

மூன்றில் ஹார்க்கர்தான் அபாரம். காரணம் இதுதான்: ஓர் ஐட்டம் சலிப்புத் தட்டினால் பார்வையாளர் ‘சீக்கிரம் முடியாதா’ என்று நினைப்பார். அந்தக் கணத்தில் ‘ஐயோ, நமக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று தவிக்கும் ஒருவரைக் காட்டினால், நாம் பார்த்துச் சலித்ததே அவருக்குக் கிடைக்காத பொருளாகிவிடுகிறது. சலிப்பு குறைகிறது. தொடர் நகைச்சுவை ஒன்றுக்கு இரண்டு விதி உண்டு. அடிக்கடி வரக்கூடாது, வரும்போது முந்தியதைவிட நீளமாக இருக்கக்கூடாது. இரண்டாவது விதியைப் படம் சில இடங்களில் மீறுகிறது, அங்கே தொய்கிறது.

இந்தத் தையல்களில் பெரும்பாலும் ஹிட்ச்காக்கின் ஆட்கள் இருப்பதைக் கவனித்தால் டைட்டில் வரியின் பொருள் விளங்கும். ஹார்க்கர் ‘தி ரிங்’, ‘தி ஃபார்மர்ஸ் வைஃப்’ படங்களில் அவரோடு இருந்தவர். கால்த்ராப்தான் ‘பிளாக்மெயில்’ படத்தில் மிரட்டிப் பணம் பறிப்பவர். அதே படத்தில் போலீஸ்காரர் ஜான் லாங்டன். இங்கே அவரும் ஜேம்சன் தாமஸும் வரும் துணுக்கில் பொறாமைபிடித்த கணவன் ஒருவன் கள்ளக் காதலர்களைக் கையும் களவுமாகப் பிடித்துச் சுடுகிறான். இருட்டு, நிழல், மாடிப்படி என்று படத்திலேயே ஒளியமைப்பு மாறும் இடம் இது. சுட்டு முடித்த பிறகுதான் தெரிகிறது, வீடு மாறி வந்துவிட்டான். பதினைந்து சொல்லில் சொல்லக்கூடிய கடி ஜோக். ஆனால் கடைசி வரிவரை அதைக் கடியாகக் காட்டாமல் கொலைக்கதையாகவே எடுத்திருப்பதில்தான் வேலை இருக்கிறது.

புரூனலுக்கு இந்தப் படத்தில் கிடைத்திருக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை. ஒட்டுவேலையில் கைதேர்ந்தவர். 1924-ல் ‘கிராஸிங் தி கிரேட் சக்ராடா’ என்று பயணப்படங்களைக் கேலி செய்து ஒரு குறும்படம் எடுத்தவர். சம்பந்தமில்லாத துண்டுகளை ஒட்டி, இடையில் எழுத்து அட்டை போட்டே சிரிக்க வைத்தார். துண்டுகளால் சிரிக்க வைக்கத் தெரிந்தவரிடம் துண்டுப்படத்தைக் கொடுத்துவிட்டு, தையலை இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டுடியோ புத்தி!

கால்த்ராப்பின் சரடு போய்ச்சேரும் இடம் ஷேக்ஸ்பியரின் ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ கேலி. ஹாலிவுட் நட்சத்திரத் தம்பதி டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் மேரி பிக்ஃபோர்டும் 1929-ல் அதைப் பேசும்படமாக்கியிருந்தார்கள், குறி அதுதான். அடங்காத மனைவியாக அன்னா மே வாங். ஹாலிவுட்டில் நல்ல வேடம் கிடைக்காமல் ஐரோப்பா வந்து, இதே பி.ஐ.பி.க்கு 1929-ல் ‘பிக்காடில்லி’ என்ற பேசாப் படத்தில் திரையையே அள்ளிக்கொண்டவர். இங்கே அவருக்குக் கொடுத்த வேலை சீற்றத்தோடு கத்துவதும் ‘பை’ என்ற மேல்நாட்டுப் பலகாரத்தை எடுத்து வீசுவதும். அவர் சீனப் பெண் என்பதே நகைச்சுவை என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். கையில் அப்படி ஒரு நடிகை இருந்தும் இதைத்தானா செய்தீர்கள் என்று எரிச்சல் வருகிறது.

தொலைக்காட்சி நகைச்சுவையின் முழு ருசி அன்றைய நிஜ நிலவரம் தெரிந்தால்தான் கிடைக்கும். தொலைக்காட்சி முன்னோடி ஜான் லோகி பேர்டின் சோதனை ஒளிபரப்பு பி.பி.சி. டிரான்ஸ்மிட்டர் வழியாக 1929 செப்டம்பர் 30-ல் தொடங்கியது. படம் 30 கோடுகளால் ஆனது. இன்றைய திரையில் ஆயிரம் கோடுகளுக்கு மேல் இருக்கிறது என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 12.5 படம். பெட்டிக்குள் ஓட்டை போட்ட தட்டு ஒன்று நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றும், பின்னால் நியான் விளக்கு மினுக்கும். தட்டின் வேகம் துளி பிசகினாலும் முகம் சாயும், பிறகு பக்கவாட்டில் ஓடும். அதனால் பார்க்கிறவர் கை திருகியை விட்டு எடுக்கவே முடியாது. படமோ ஓரிரு அங்குல அளவு, உயரவாக்கில். ஒரு முகம் கொள்ளும், ஆட்டக்காரிகளின் வரிசை கொள்ளாது. ஒலியையும் ஒளியையும் சேர்த்து அனுப்ப இரண்டு அலைவரிசை கிடைத்தது 1930 மார்ச் 31-ல்தான். அதுவரை கொஞ்ச நேரம் படம், பிறகு கொஞ்ச நேரம் குரல் என்று மாற்றி மாற்றி அனுப்பினார்கள். ஆக ஹார்க்கரின் பெட்டி வேலை செய்யாததில் கற்பனையே இல்லை. அடுத்த வீட்டுக்காரர்களுக்கு ஆட்டம் பாட்டத்தோடு ஒன்றரை மணி நேரம் ஒழுங்காகத் தெரிந்தது என்பதுதான் கற்பனை.

சில பகுதிகள் வண்ணத்தில் உண்டு. கேமராவில் பிடித்த வண்ணம் இல்லை, பாத்தே நிறுவனத்தின் அச்சுத்தகடு முறை. நம் ஊரில் கோலத் தட்டில் ஓட்டை போட்டு மாவை உதிர்ப்போமே, அதே தத்துவம்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் படத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொள்வார்கள். பெரிதாக்கிய ஃப்ரேமைக் கண்ணாடியில் பார்த்தபடி, சிவப்பு வரவேண்டிய இடத்தின் ஓரத்தை முள்ளால் வருடுவார்கள். அந்த முள்ளோடு இணைத்த துடிக்கும் ஊசி, பிரதியில் அதே இடத்தை வெட்டி எடுக்கும். பிறகு வெட்டிய பிரதியையும் வண்ணம் ஏற்ற வேண்டிய பிரதியையும் ஒட்டி ஓடவிட்டு, சாயம் தோய்ந்த வெல்வெட் பட்டையால் தடவுவார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு தடவல். மூன்று நிமிட ஆட்டம் என்றால் 4,320 ஃப்ரேம். மூன்று நிறம் என்றால் 12,960 வெட்டு. பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. ஒருமுறை வெட்டிவிட்டால் பல பிரதிகளுக்கு அதே தகடு உதவும், அதனால்தான் கட்டுபடியானது. ஆடுகிறவர் வேகமாக அசைந்தால் சாயம் ஓரத்தில் வழியும், பாவாடையின் மஞ்சள் பாவாடையைவிட ஒரு நூல் பின்தங்கும். நிறம் மூச்சு விடுவது போல இருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஒளிப்பதிவாளர் கிளாட் ஃப்ரீஸ்-கிரீன். 1920-களில் தன் தந்தையின் வண்ண முறையை மேம்படுத்தி ‘தி ஓபன் ரோட்’ என்று பிரிட்டன் முழுவதையும் வண்ணத்தில் சுற்றிக் காட்டியவர். அவர் கருப்பு வெள்ளையில் பிடித்துக் கொடுக்க, ஊசியும் வெல்வெட்டும் நிறம் ஏற்றின.

பார்க்கக் கிடைக்கும் பிரதிகளில் மூன்று விஷயத்தைச் சோதிக்க வேண்டும். முதலில் தலை. ஃபிலிம் ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம் விட்டதால் ஆரம்பப் பேசும்படங்களின் சட்டம் ஏறக்குறைய சதுரம், 1.19-க்கு 1. 1932-ல் வந்த 1.37 அளவுச் சட்டத்தில் இதை ஓட்டினால் ஆட்களின் உச்சந்தலையும் ஆட்டக்காரரின் பாதமும் போய்விடும். காலணியால் தரையைத் தட்டி ஆடும் தட்டாட்டத்தில் பாதம் தெரியவில்லையென்றால் பிரதியின் மேல் சந்தேகப்படலாம், கேமராமேன் மேல் வேண்டாம். இரண்டாவது வேகம். ஐரோப்பிய டி.வி.டி.களில் நொடிக்கு 24 ஃப்ரேமை 25-ஆக ஓட்டிவிடுவார்கள். 86 நிமிடம் 82 சொச்சமாகும், குரலின் சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். டெடி பிரௌன் ஏற்கெனவே வேகம், அவரை இன்னும் விரட்ட வேண்டாம். மூன்றாவது, வண்ணப் பகுதிகள் கருப்பு வெள்ளையாக நகலெடுக்கப்பட்டிருந்தால் அந்த ஆட்டங்கள் மட்டும் காரணமில்லாமல் தட்டையாகத் தெரியும்.

இதே ரகத்தின் ஏழை உறவினர்களும் உண்டு. 1930-ல் தொடங்கிய ‘பாத்தேடோன் வீக்லி’ என்ற வாராந்தரக் குறும்படங்களுக்காக வெரைட்டி கலைஞர்களை நூற்றுக்கணக்கில் படம்பிடித்தார்கள். பிறகு 1936 தொடங்கி ‘பாத்தேடோன் பரேட்’ என்ற பெயரில் தொகுப்புப் படங்கள் வந்தன. இந்தத் தொகுப்பு வேலையில் ஒரு கண்ணி இருக்கிறது. 35 மி.மீ. பிரதியில் ஒலி, தனக்குரிய படத்துக்கு நேராக இருக்காது, சுமார் 20 ஃப்ரேம் முன்னால் இருக்கும். ஒளி விழும் வாசலும் ஒலி படிக்கும் தலையும் வேறு வேறு இடத்தில் இருப்பதே காரணம். ஒலி சேர்ந்த இரண்டு பிரதிகளை அப்படியே வெட்டி ஒட்டினால், இரண்டாவது துண்டின் முதல் முக்கால் நொடிக்கும் மேல் முந்திய துண்டின் சத்தம்தான் கேட்கும். பாடகர் வாயைத் திறப்பார், கைதட்டல் வரும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் முன்னால் ஒரு பெயர் அட்டையோ திரை விலகும் காட்சியோ வைப்பது அழகுக்காக மட்டுமில்லை, இந்த ஓட்டையை அடைக்கவும்தான். அதே பி.ஐ.பி. 1934-ல் ‘ரேடியோ பரேட் ஆஃப் 1935’ எடுத்தபோது நகைச்சுவை நடிகர் வில் ஹேயை வைத்து ஒரு வானொலி நிலையக் கதையே கட்டிவிட்டது. வண்ணத்துக்கு ஊசி வெல்வெட் இல்லை, டூஃபேகலர் என்ற வண்ண ஃபிலிம் வந்துவிட்டது. தையல் அங்கே தெரியாது. படமும் அந்த அளவுக்கு வழக்கமானதாகிவிட்டது.

இன்று ‘எல்ஸ்ட்ரீ காலிங்’ முழுசாகக் கண்ணில் படுவதைவிடத் துண்டு துண்டாகத்தான் அதிகம் சுற்றுகிறது. லில்லி மோரிஸ் தனியாக, டெடி பிரௌன் தனியாக, எலும்புக்கூடு ஆட்டம் தனியாக. 1930-ல் கோத்ததை மறுபடி உதிர்த்துவிட்டார்கள். கார்டன் ஹார்க்கரையும் அவர் பெட்டியையும் மட்டும் யாரும் தனியாக வெட்டி எடுப்பதில்லை. எடுத்தாலும், அவர் எதைத் தவறவிடுகிறார் என்று தெரியாமல் என்னத்தைச் சிரிப்பது?